விருந்தாளி வராத ஊர்

திருநள்ளாற்றில் குடியிருப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு. அந்த ஊருக்கு வராத ஆள் கிடையாது; வந்தவர்களில் நம் வீட்டுக்கு வருகிற ஆளும் கிடையாது. சனிக்கிழமை விடிந்தால் போதும், பஸ்ஸிலும் ரயிலிலும் ஜனம் வந்து இறங்கும். தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு நளன் குளத்தில் முழுகும். உடுத்திக் குளித்த துணியைக் கரையிலேயே விட்டுவிட்டு உலர்ந்ததைக் கட்டிக்கொள்ளும். கோயிலுக்குள் போய் எள் தீபம் ஏற்றும். அப்புறம் நேரே அவரவர் ஊரைப் பார்த்துக் கிளம்பிவிடும். பக்கத்துத் தெருவில் கூடப்பிறந்தவளே இருந்தாலும் எட்டிப் பார்க்காது. குளித்துக் கழித்த சனி, போகிற வழியில் ஏறுகிற வீட்டில் இறங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அப்படி இருக்கும்போது யாரைப் போய் விருந்துக்கு அழைப்பது? அழைத்தால், "உங்கள் சனியில் கொஞ்சம் எங்களுக்கும் விட்டுவிட்டுப் போங்கள்" என்று கேட்பது போலத்தான் ஆகும்.

அப்படியும் அழைத்தவர் ஒருவர் இருந்தார். குளத்துக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். எனக்கு எதிர் வீடு. எனக்கு அக்கா, ஊருக்கு 'வாங்கக்கா'. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிச் சொல்வார்கள், ஆனால் அவருக்கும் அது தெரியும்.

எழுபதுகளின் நடுவில் புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி, அறிவியல் டீச்சராக அந்த ஊருக்குப் போனேன். கல்யாணம் ஆகாத பெண், தனியாக ஒரு போர்ஷன் எடுத்துக் குடிவந்திருக்கிறாள் என்றதும் தெரு முழுக்கத் திரைச்சீலை விலகியது. அக்கா மட்டும் நேராகத் தெருவைக் கடந்து வந்து என் வாசலில் நின்றார். கறுத்து, உயரமாக, நாற்பதைத் தாண்டாத பெண்மணி. "டீச்சரா? வாங்க. ராத்திரிக்கு நம்ம வீட்டுலதான் சாப்பாடு. அடுப்பெல்லாம் நாளைக்குப் பத்த வச்சுக்கலாம், வாங்க," என்றார். எனக்குக் கூச்சம். பரவாயில்லை என்றேன். "என்னங்க பரவால்ல? பசிக்குமா பசிக்காதா?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் என் பூட்டை எடுத்து என் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். சாவிக்காகவாவது பின்னால் போக வேண்டியதாயிற்று.

அவர் வீட்டு நிலைப்படிக்கு வெளியே ஒரு பித்தளை அண்டாவில் எப்போதும் தண்ணீர் இருக்கும். உள்ளே போகிறவர் கால் கழுவ வேண்டும். கழுவினால் மட்டும் போதாது. குதிகால் நனைந்ததா என்று அக்கா குனிந்து பார்ப்பார். முதல் நாளே எனக்குத் திட்டு விழுந்தது. "பின்னாடி ஊத்துங்க டீச்சர். நளமகாராஜா அங்கதான் கோட்ட விட்டாரு." மகாராஜா கால் கழுவியபோது குதிகாலில் ஒரு பொட்டு இடம் நனையாமல் விட்டுப்போனதாம். காத்துக்கொண்டிருந்த சனி அந்த இடத்தில் ஏறிக்கொண்டதாம். நாடு போய், மனைவியைக் காட்டில் விட்டு, உருவமும் மாறி, அடுத்தவருக்குத் தேரோட்டிச் சமைத்துப் போட்டு அவர் பட்டதெல்லாம் அந்தப் பொட்டு இடத்தால்தான். புத்தகத்தில் படித்த கதைதான். ஆனால் ஒரு நாட்டின் வீழ்ச்சியை இவ்வளவு நெருக்கமாக, இன்னார் வீட்டுப் பிள்ளை சொன்ன பேச்சு கேட்காமல் கெட்டான் என்பதைப் போலச் சொல்லி நான் அப்போதுதான் கேட்டேன். இன்றைக்கும் நான் குளிக்கும்போது குதிகாலைத் தனியாக ஒரு முறை கவனிக்கிறேன். அறிவியல் டீச்சர்தான், என்ன செய்வது.

அவர் கணவர் கொம்யூன் பஞ்சாயத்தில், அங்கே ஊராட்சிக்கு அதுதான் பெயர், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர். வாயைத் திறக்காத மனிதர். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவருக்குத் தேவையும் இல்லை. ஒரே பெண், எங்கள் பள்ளியில் படித்தாள். விழிதியூரில் அக்காவின் பிறந்த வீட்டு நிலம் கொஞ்சம் இருந்தது. அங்கிருந்து வருகிற நெல் முழுவதும் வருகிறவர் போகிறவருக்கே சரியாகப் போய்விடும். பால்காரர், கரண்டு மீட்டர் பார்க்க வருபவர், வழி கேட்க நின்றவர் என்று எல்லோருக்கும் "வாங்க, உள்ள வாங்க". ஒரு தடவை வாசலில் வந்து நின்ற ஆட்டைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் "வா" என்று சொல்லிவிட, அது நிஜமாகவே உள்ளே போய் வாழை இலைக் கட்டில் பாதியைத் தின்றுவிட்டது. ஆட்டுக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் காபி கிடைத்தது.

ஆனால் கோயிலுக்கு வருகிறவர்களிடம் இந்த வேலை செல்லாது. அக்கா விடுவாரா? தெருமுனைப் பெண் ஒருத்தியைப் பார்க்கக் கும்பகோணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. வருகிறவர்கள் ஒரே செலவில் முடியட்டும் என்று குளத்திலும் முழுகிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஞாபகம் வந்தது, இனி யார் வீட்டுப் படியும் ஏறக்கூடாது என்று. பெண் வீட்டில் அழுகை. கேசரி ஆறிக்கொண்டிருந்தது. அக்கா இரண்டு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். குளக்கரை அரசமரத்தடியில் பாயை விரித்து, பெண்ணை அங்கே கூட்டி வந்து, கேசரி பஜ்ஜி எல்லாவற்றையும் அங்கேயே பரிமாறிப் பெண் பார்க்கிற சடங்கை முடித்துவைத்தார். "மரத்தடி யாரு வீடும் இல்ல பாருங்க. சனி எறங்கினா மரத்துலதான் எறங்கும். அதுக்கென்ன, கல்யாணமா காட்சியா?" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது. நான் போயிருந்தேன்.

என் அம்மா விஷயத்தில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. என் மாமாவுக்கு ஏழரை நடக்கிறது என்று அம்மா அவரை அழைத்துக்கொண்டு புதுச்சேரியிலிருந்து வந்தாள். நான் லீவு போட்டு வீட்டைக் கழுவி, பால் பாயசம் வைத்துக் காத்திருந்தேன். குளக்கரைக்குப் போய்ப் பார்த்தால், ஈரத் தலையோடு நிற்கிற அம்மா, "நாங்க அப்படியே கிளம்பறோம்டி," என்கிறாள். கூப்பிடு தூரத்தில் என் வீடு. அவள் அதுவரை பார்த்ததே இல்லை.

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. நான் சனிய வேற கொண்டுவந்து சேக்கணுமா?" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக ஒரு முறுக்கு டின்னை நீட்டினாள். நான் வாங்காமல் நின்றேன். அப்போது கையில் டிபன் கேரியரோடு அக்கா ஓடிவந்தார். என் வீட்டு மாற்றுச் சாவி அவரிடம்தானே இருந்தது? என் அடுப்படியில் இருந்த பாயசத்தை எடுத்து வந்திருக்கிறார். "அம்மா, பஸ்ஸு ஒண்ணும் வீடு இல்லைங்களே. இதுல ஒக்காந்து சாப்பிட்டா என்னா? பொண்ணு காலையிலேருந்து கிண்டியிருக்கா," என்று ஜன்னலுக்குள் கிண்ணத்தைத் திணித்தார். அம்மா யோசித்தாள். மாமா யோசிக்காமல் வாங்கிக் குடித்துவிட்டார். அப்புறம் அம்மாவும் குடித்தாள். டிரைவருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

பஸ் போனதும் நான் அம்மாவைத் திட்டித் தீர்த்தேன். பெற்ற பெண் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்கிற பக்தி என்ன பக்தி என்று கேட்டேன். அக்கா பாத்திரத்தை மூடிக்கொண்டே, "வராதவங்களத் திட்டாதீங்க டீச்சர். அவங்களாவது பரவால்ல," என்றார். வழக்கமாக அவர் ஒரு பேச்சைப் பாதியில் விடுகிறவர் அல்ல. அன்றைக்கு விட்டார்.

அவரோடு கோயிலுக்குப் போவது ஒரு தனி அனுபவம். சனிக்கிழமை போகமாட்டார். "அது ஊரு ஒலகத்துக்கு. நமக்குப் புதன்கெழம," என்பார். புதன்கிழமை சாயங்காலம் கோயில் காலியாகக் கிடக்கும். கல் தரையில் பகல் வெயிலின் சூடு பாதத்துக்கு இதமாக இருக்கும். வௌவால் வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து வரும். முதலில் சுவாமி சன்னிதிக்குத்தான் போக வேண்டும். அந்த இடம் ஒரு காலத்தில் தர்ப்பைக் காடாக இருந்ததாம். சுவாமி பெயரும் அதனால் தர்ப்பாரண்யேசுவரர். லிங்கத் திருமேனியில் தர்ப்பை முளைத்த தழும்பு இருக்கிறது என்பார் அக்கா. தீபாராதனை வெளிச்சத்தில் எனக்கு ஒரு நாள் தெரிந்த மாதிரி இருந்தது, இன்னொரு நாள் தெரியவில்லை. அதன் பிறகு அம்மன். சனீசுவரர் கடைசியில்தான்.

"எல்லாரும் ஓடியாந்து இவரத்தான் மொதல்ல பாக்கறாங்க. இவரு யாரு? நளன் உள்ள நொழஞ்சப்ப, சாமிக்குப் பயந்து கூட வராம வாசல்ல நின்னுட்டவரு. அப்படியே நின்னவரு இன்னிக்கு வரைக்கும் நிக்கிறாரு. வீட்டுக்காரரப் பாக்காம வாசல்ல நிக்கிறவரப் பாத்துட்டுப் போறவங்கள என்னன்னு சொல்றது?" என்பார். சத்தமாகவே சொல்வார். சனீசுவரர் சன்னிதிக்கு நேர் எதிரிலேயே சொல்வார். நான் அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

வெளியே வரும்போது பலிபீடத்தருகில் ஒரு நிமிடம் நிற்பார். அது சன்னிதிக்கு நேர்க்கோட்டில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். கோயிலுக்குப் பால் அளந்த இடையர் ஒருவர் இருந்தாராம். பாலைக் கோயில் கணக்கர் தன் வீட்டுக்குத் திருப்பிவிட்டு, வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டினாராம். இடையருக்காகச் சுவாமி உள்ளேயிருந்து சூலத்தை ஏவ, அதற்கு வழி விட்டுப் பலிபீடம் ஒதுங்கிக்கொண்டதாம். அக்காவுக்குக் கணக்கர் கதி என்னவாயிற்று என்பதில் அக்கறையே கிடையாது. "கல்லு டீச்சர். கல்லு வழி விட்டுருக்கு," என்பார். ஒவ்வொரு புதன்கிழமையும் இதையேதான் சொல்வார்.

எல்லோரையும் உள்ளே அழைக்கிற அந்த அக்கா, ஒருவர் வீட்டுக்கும் உள்ளே போவதில்லை என்பதைக் கவனிக்க எனக்கு நாளாயிற்று. என் வீட்டுக்குக் குழம்பு கொண்டு வருவார், வாசலில் நின்று கொடுப்பார். நான் இல்லாதபோது சாவி போட்டுத் திறந்து பாலைக் காய்ச்சி வைப்பார். நான் இருக்கும்போது மட்டும் படியேற மாட்டார். "வாங்கக்கா" என்பேன். "இருக்கட்டும் டீச்சர், அடுப்புல போட்டது போட்டபடி கெடக்கு," என்பார். அவர் அடுப்பில் எப்போதும் ஏதோ போட்டபடி கிடந்தது. எனக்கு வருத்தம்தான். ஒரு வேளை நான் வேறு சாதி என்பதாலோ என்றுகூட நினைத்திருக்கிறேன். பிறகு பார்த்தால் சொந்த நாத்தனார் வீட்டிலும் அதே கதைதான். அங்கேயும் நிலைப்படிக்கு வெளியே நின்றுதான் பேச்சு.

அதற்குக் காரணம் ஒரு ஐப்பசி மழையில் தெரிந்தது. கோயிலுக்கு வந்த வயதான தம்பதி, பஸ்ஸைத் தவறவிட்டு எங்கள் தெருவில் ஒதுங்க இடமில்லாமல் நனைந்துகொண்டு நின்றார்கள். அக்கா கூப்பிட்டார். அந்த அம்மாள், "வேணாம் தாயி, குளிச்சுட்டு வந்துருக்கோம், ஒங்க குடும்பத்துக்கு ஆகாது," என்று கும்பிட்டாள். அக்கா கெஞ்சினார். அதட்டினார். கடைசியில் என்னையும் அவர் பெண்ணையும் ஆளுக்கொரு குடையைப் பிடிக்கச் சொல்லி, தெருவில் பெஞ்சைப் போட்டு உட்காரவைத்து, சுடச்சுட ரசம் சாதம் கொடுத்தார். மழை விட்டு அவர்கள் போன பிறகு, நனைந்த புடவையோடு நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன்.

"ஏங்க்கா இவ்வளவு பாடுபடறீங்க? அவங்க நம்பிக்கை, விட்டுடலாமே," என்றேன்.

"நானும் நம்பினவதான் டீச்சர்," என்றார். பிறகு சொன்னார்.

தாயில்லாத தங்கையை அக்காதான் வளர்த்தார். அவளை மாயவரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் முதலாக விருந்துக்கு இந்த வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அக்கா அப்போது நிறைமாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் பயந்துகொண்டிருந்த காலம். விடியற்காலையிலிருந்து சமைத்திருக்கிறார். இலை போட்டாயிற்று. வந்து நின்ற தங்கையின் தலை ஈரமாக இருந்தது. மாப்பிள்ளையின் தலையும் ஈரம். இரண்டு பேர் மேலும் நல்லெண்ணெய் வாடை.

"வர்ற வழில கொளத்துல முழுகிட்டு வந்தோம்க்கா, அவருக்கு ஏழரை ஆரம்பிச்சிருக்காம்னு சிரிச்சுக்கிட்டே சொல்றா. சின்னப் பொண்ணு, ஒண்ணும் தெரியாது. நான் என்னா பண்ணேன் தெரியுமா டீச்சர்?" அக்கா எழுந்து நின்று, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக் காட்டினார். "இப்படி மறிச்சுக்கிட்டு நின்னேன். இன்னிக்கு உள்ள வராத பாப்பா, இன்னொரு நாளைக்கு வாங்கன்னேன். யாரும் எனக்குச் சொல்லித் தரல. மாமியாகூட சும்மாத்தான் இருந்தாங்க. நானேதான் சொன்னேன்."

மாப்பிள்ளை அப்படியே திரும்பி நடந்திருக்கிறார். தங்கை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போயிருக்கிறாள். அதன் பிறகு அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

"கொழந்த நல்லபடியாப் பொறந்துச்சு. எல்லாரும் சொன்னாங்க, நீ செஞ்சதுதான் சரி, அதனாலதான் தங்குச்சுன்னு. இருக்கலாம். அதுக்காக நான் செஞ்சது சரின்னு ஆயிடுமா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் காரண காரியம் கற்றுக்கொடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வி.

தங்கையைப் போய்ப் பார்த்திருக்கலாமே என்றேன். "போயி? நான் மறிச்ச மாதிரி அவளும் மறிச்சுட்டா? தப்புன்னு சொல்ல முடியாதுல்ல. அவ வீடு, அவ வாசல்." பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டு, "யாரு வீட்டுப் படிய மிதிச்சாலும் எனக்கு அவ நின்ன நெனப்புதான் வருது," என்றார். அன்றைக்கு எனக்கு அவர் மேல் இருந்த சின்ன வருத்தமெல்லாம் போய்விட்டது. அவ்வளவு பேசுகிற மனுஷி இதை இத்தனை காலம் எங்கே வைத்திருந்தார் என்று நினைத்து என் கண் கலங்கியது.

இப்போது நான் பக்கத்து ஊரான தலத்தெருவில் இருக்கிறேன். திருநள்ளாறு அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. குளத்தைச் சுற்றி லாட்ஜுகள், ஏ.சி. ரூம்கள். அக்கா வீடு இருந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். யாராவது வெளியூர்க்காரர்கள் குளித்த தலையோடு என்னிடம் வழி கேட்டால், "வீட்டுக்கு வந்துட்டுப் போங்களேன்" என்று வாய் வரை வருகிறது. அவரைப் போலக் கூசாமல் சொல்ல எனக்கு வரவில்லை.

அந்த நாட்களில் சனிப்பெயர்ச்சிக்குப் பெயர்ச்சி அக்காவின் தங்கையும் அவள் கணவரும் தவறாமல் திருநள்ளாற்றுக்கு வருவார்கள். இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை வருகிற அந்த நாள்தான் அக்காவுக்குத் தீபாவளி, அதுதான் நெஞ்சுவலியும். அந்தக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்து, காபி பிளாஸ்க்கோடு குளக்கரையில் போய் நிற்பார். "நல்லாருக்கியா பாப்பா?" "இருக்கேன்." "பசங்க?" "இருக்காங்க." மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு வேட்டியைப் பிழிவார். காபியை வாங்கமாட்டார்கள். அவர்கள் ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். அக்கா வீட்டுக்கு வருவார். அன்றைக்கு மட்டும் எங்கள் தெருவில் யாருக்கும் "வாங்க" கிடைக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு பெயர்ச்சிக்கு, கூட்டம் அதிகம் என்று என்னையும் துணைக்கு அழைத்தார். தங்கை தனியாக வந்திருந்தாள். கணவர் காலில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். அவருக்காக இவள் முழுக வந்திருக்கிறாள். அக்காவைப் போலவே நிறம், ஆனால் குட்டை, ஒடிசல். நரைக்க ஆரம்பித்திருந்த முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா தன் முந்தானையால் துடைக்கப் போய், பாதியில் கையை எடுத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வா பாப்பா," என்றார். இத்தனை வருஷத்தில் அதை அவளிடம் அவர் சொன்னதில்லை. ஊரில் எல்லோரிடமும் சொல்லித் தேய்ந்த வார்த்தை, அவளிடம் வருவதற்குத் திணறியது.

தங்கை புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தாள். கோபமாகச் சொல்லவில்லை, குத்திக் காட்டவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வரக்கூடாதுக்கா. குளிச்சிருக்கேன்ல? நேரா வீட்டுக்குத்தான் போவணும். ஒனக்குத் தெரியாததா," என்றாள்.

கல்லில் எது வழுக்கும், கோயிலில் எந்தப் பக்கம் நெரிசல் குறைவு என்று மட்டும் சொல்லிக்கொண்டே அக்கா அவள் கூடப் போனார். தீபம் ஏற்றிய பிறகு ஸ்டேஷனுக்கும் கூடவே நடந்தார். நானும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பேரளம் போகிற ரயில் அன்றைக்குக் கூட்டத்தால் பிதுங்கிக்கொண்டு வந்து நின்றது. தங்கை முண்டியடித்து ஏறினாள். ஏறித் திரும்பிப் பார்த்தால், அவளுக்குப் பின்னால் அக்காவும் ஏறிக்கொண்டிருக்கிறார்.

"எங்கக்கா போறீங்க?" என்று நான் கத்தினேன்.

"நேரா வீட்டுக்குத்தான் போவணும்ங்கறா. போறோம்," என்றார்.

"டிக்கெட்டு?"

"பேரளத்துல எறங்கி எடுத்துக்கறேன். வீட்டுல அவங்ககிட்ட சொல்லிடுங்க டீச்சர், கொழம்பு உறியில இருக்குன்னு." வண்டி நகர்ந்துவிட்டது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் தங்கையின் முகம் தெரிந்தது. சிரித்தாளா, எரிச்சல்பட்டாளா, எனக்குப் புரியவில்லை. மாற்றுப் புடவை கிடையாது, கையில் பை கிடையாது. அடுப்பை அணைத்தாரா என்றும் தெரியாது. கூப்பிடாத வீட்டுக்கு அந்த மனுஷி புறப்பட்டுவிட்டார்.

இரண்டு நாள் தகவல் இல்லை. அவர் கணவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து தெருமுனையில் நிற்பார். அந்த மனிதர் என்னிடம் தானாகப் பேசியது அப்போதுதான். "மறுத்துருந்தா அன்னிக்கே திரும்பியிருப்பா, இல்லைங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆனால் மறுக்கப்பட்ட அவமானத்தோடு மாயவரம் ஸ்டேஷன் பெஞ்சில் அக்கா தனியாக உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்கால ரயிலில் வந்து இறங்கினார். தங்கையின் புடவையைக் கட்டியிருந்தார். அது கணுக்காலுக்கு மேல் நின்றது. தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் வாசலுக்கு வந்தார். வந்தவர் நிற்காமல் உள்ளே நுழைந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, "காபி இருக்கா டீச்சர்?" என்றார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "என்னக்கா ஆச்சு? கூப்பிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்கேருந்து? ரயில்ல ஒரு வார்த்த பேசல. ரிக்‌ஷால பேசல. வீடு வந்துச்சு. செருப்பக் கழட்டிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிட்டா. நான் வெளியவே நின்னுட்டேன். உள்ள மாப்பிள்ள இருமறது கேக்குது. இப்படியே ஸ்டேஷனுக்குத் திரும்பிடலாமான்னு பாக்கறேன்."

"வான்னு சொல்லவே இல்லையா?"

"சொல்லலீங்க. கடைசி வரைக்கும் சொல்லல." அக்கா மூக்கை உறிஞ்சினார். "அடுப்படில பாத்திரம் உருள்ற சத்தம். அப்பறம் உள்ளேருந்தே கத்தறா: 'அக்கா, வரப்போ கதவச் சாத்திட்டு வா. தெறந்து கெடந்தா பூனை பாலக் குடிச்சிடும்.'"

சிரித்தார். சிரித்துக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சாத்திட்டு உள்ள போனேன் டீச்சர்," என்றார்.